அடங்கலில் இல்லாதவர்

2017ஆம் ஆண்டு, வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு பகலில் என் கைபேசிக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ரூ.5,465 வரவு. விடைத்தாள் திருத்திய பணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அன்று என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை. மருதத் திணை என்று சொன்னால் இந்தக் கட்டுரைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அது பொய்யாகிவிடும். மாலையில் அண்ணன் கூப்பிட்டார். "வறட்சிப் பணம் ஒனக்கு ஏறிருச்சா? எனக்கு ஏறிருச்சு" என்றார். அப்போதுதான் புரிந்தது. தமிழ்நாட்டு அரசு எனக்கு, ஒரு கல்லூரி விரிவுரையாளருக்கு, பயிர் கருகியதற்கு நிவாரணம் கொடுத்திருக்கிறது.

எங்கள் வீடு பரவையில். நிலம் சமயநல்லூரைத் தாண்டி சோழவந்தான் போகும் வழியில் இருக்கிறது. பாட்டனார் வழி வந்த இரண்டு ஏக்கர், நடுவில் ஒரு கிணறு. அப்பா இறந்த பிறகு அண்ணனுக்கு ஒரு ஏக்கர், எனக்கு ஒரு ஏக்கர். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று 1989இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. அந்தச் சட்டத்தின் பலனை அனுபவித்த முதல் தலைமுறைப் பெண்களில் நானும் ஒருத்தி. பட்டா என் பெயருக்கு மாறிய நாளில் ஒரு கவிதைகூட எழுதினேன். அதை இப்போது எடுத்துப் படிக்க முடியவில்லை.

அந்த ஏக்கரில் நான் ஒரு நாற்றுகூட நட்டதில்லை. குத்தகைக்கு எடுத்து உழுதவர் ஓர் அக்கா. அக்கா என்று இப்போது எழுதுகிறேன். சின்ன வயதில், என்னைவிட இருபது வயது மூத்த அவரைப் பெயர் சொல்லி, 'வா, போ' என்றுதான் அழைத்திருக்கிறேன். எங்கள் தெருவுக்கும் அவருடைய தெருவுக்கும் இடையில் இருந்த தூரம் அப்படி. அவர் அப்பாவை 'முதலாளி' என்பார். என்னை இன்றைக்கும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார். அவருடைய கணவர் இறந்து பல வருடங்களாகின்றன. குத்தகைக்கு எழுத்து எதுவும் கிடையாது. அறுப்பு முடிந்ததும் இத்தனை மூட்டை நெல் என்று வாய்ப்பேச்சு. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமான அளவில் 62 விழுக்காடு குறைவு. வைகையில் மணல்தான் இருந்தது. அக்கா கிணற்றை நம்பி நட்டார். காதுத் தோட்டை அடகு வைத்து விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் கொடுத்திருந்தார். கொஞ்ச நாள் மோட்டார் ஓடியது. பிறகு காற்றை இழுத்தது. பயிர் பொதி கட்டும் நேரத்தில் வயல் வெடித்தது. ஒருநாள் மாட்டை அவிழ்த்து உள்ளே விட்டுவிட்டார். "வைக்கோலாவாச்சும் அதுக வயித்துக்குப் போகட்டும்" என்று சொன்னாராம். நான் பார்க்கவில்லை. அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

2017 ஜனவரி 10 அன்று அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார். 33 விழுக்காட்டுக்கு மேல் பயிர் இழந்தவர்களுக்கு, நெல்லுக்கும் பிற பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு ரூ.5,465, மானாவாரிக்கு ரூ.3,000, நீண்டகாலப் பயிர்களுக்கு ரூ.7,287. நிலவரி தள்ளுபடி. நூறு நாள் வேலை 150 நாளாகும். இதில் 5,465 என்பது யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த தொகை இல்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறையில் பாசன நிலத்துக்கு எக்டேருக்கு ரூ.13,500 என்று இருந்தது. அதை ஏக்கராக மாற்றினால் இது வரும். நாற்று நட்டு ஓர் ஏக்கர் நெல்லை அறுப்புவரை கொண்டுபோக ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகைதான். ஆனால் அடகுக்கடையில் ஒரு தோட்டை மீட்கப் போதும்.

விண்ணப்பத்துடன் பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் கேட்டார்கள். அக்காவிடம் கடைசி இரண்டும் இருந்தன. கிராம நிர்வாக அலுவலர் அவரை விரட்டவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். "பட்டாதாரர் ஒரு கடுதாசி குடுத்தா பாக்கலாம்மா" என்று சொல்லியிருக்கிறார். அக்கா பேருந்தேறி பரவைக்கு வந்து என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அதுவும் பழைய கதை. விஷயத்தைச் சொன்னார். நான் சொன்ன பதில் இது: "அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்க்கா."

பட்டா என் பெயரில். கையெழுத்து என்னுடையது. அண்ணனிடம் கேட்கவேண்டிய சட்டத் தேவை ஏதும் கிடையாது. பெண்ணும் சொத்தும் பற்றி மேடைகளில் பேசுகிற நான், என் சொந்த ஏக்கருக்கு ஒரு கடிதம் எழுத அண்ணனின் அனுமதியை நாடினேன். அண்ணன் கெட்டவர் இல்லை. "எழுத்துல குடுத்தா நாளைக்குக் குத்தகைப் பதிவுனு போய் நிப்பாங்க. அப்புறம் நெலத்த எழுப்ப முடியாது" என்றார். சாகுபடி செய்யும் குத்தகைதாரரைப் பாதுகாக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் 1969ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. குத்தகைதாரருக்காக எழுதப்பட்ட அந்தச் சட்டங்களின் பயத்தாலேயே இங்கே குத்தகை வாய்ப்பேச்சாகிவிட்டது. நான் வாதாடவில்லை. வேலை இருந்தது, தேர்வு இருந்தது, நாள் போய்விட்டது. இவையெல்லாம் காரணங்கள் என்று அப்போது நம்பினேன். நிலம் கைவிட்டுப் போகும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அதை அண்ணனின் வாயால் சொல்ல வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் யார் எதை இழந்தோம்? எனக்குக் குத்தகை நெல் வரவில்லை. சம்பளம் வாங்கும் வீட்டில் அது ஒரு சௌகரியம் குறைந்த கணக்கு, அவ்வளவுதான். நிலம் அங்கேயேதான் இருந்தது. காய்ந்த நிலத்தின் விலை குறைந்துவிடவும் இல்லை. அக்கா இழந்தது விதை, உரம், தோடு, நாலைந்து மாதத்து உடல். அந்தப் பயிர் அவருடையது. பிறகு அரசு எந்த நியாயத்தில் என் கணக்கில் பணம் போட்டது?

அரசுத் தரப்பு வார்த்தைகளையே எடுத்துக்கொள்வோம். பேரிடர் நிதியிலிருந்து தரப்படுவது இழப்பீடு இல்லை, நிவாரணம்தான் என்று ஒன்றிய வேளாண் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் மறுபடி மறுபடி சொல்லிவந்திருக்கிறது. தொகை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால் வரும் பதில் அது. சரி, ஏற்றுக்கொள்வோம். இழப்பீடு என்றால் உடைமைக்கு ஈடு. அப்போது உடைமையாளர் யார் என்று கேட்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. நிவாரணம் என்றால் துயர் நீக்குவது. துயரப்பட்டவர் யார் என்று கேட்கவேண்டிய இடத்தில் ஏன் உடைமையாளர் யார் என்று கேட்கிறார்கள்? தொகையைத் தீர்மானிக்கும்போது அது நிவாரணம். ஆளைத் தீர்மானிக்கும்போது மட்டும் அது இழப்பீடாகிவிடுகிறது. அதே தொகைக்கு இடுபொருள் மானியம் என்று இன்னொரு பெயரும் கோப்பில் உண்டு. அந்தப் பெயரை நம்பினால் கேள்வி இன்னும் எளிது. இடுபொருளை இட்டது யார்? என் ஏக்கரில் நான் இட்டது பூஜ்ஜியம்.

இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அடங்கலும் சிட்டாவும் யார் துன்பப்படுகிறார்கள் என்று அறிய உருவானவை அல்ல. யாரிடம் வரி வாங்கலாம் என்று அறிய உருவானவை. வரி கட்டியவருக்கு, விளையாத வருடத்தில் வரியைத் தள்ளுபடி செய்வதுதான் இந்த மண்ணில் ஆட்சிகள் வேளாண்மைக்குக் காட்டிய பழைய கருணை. அந்தக் கணக்கு இன்னும் பசலி ஆண்டில்தான் ஓடுகிறது. 2016-17 என்பது பசலி 1426. நிவாரணத்தைக் கையாளும் துறையின் இன்றைய பெயரைப் பாருங்கள்: வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை. வரவு எழுதிய அதே புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து இழவு எழுதுகிறோம். வரி கட்டாதவர் வரவிலும் இல்லை, இழவிலும் இல்லை.

வேறொரு வாசலும் அன்றைக்கே இருந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே நிவாரண வேலைகளுக்கு வந்து கல் உடைத்தது. அங்கே பட்டா கேட்கவில்லை, உடம்பைக் கேட்டார்கள். ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் நிர்ணயித்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும். பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. நிலத்துக்கு ஒரு வாசல், உடம்புக்கு ஒரு வாசல். 2017இலும் அப்படியே. அக்கா நூறு நாள் வேலைக்குப் போய்க் கண்மாயில் மண் அள்ளினார். அரசுக்கு அவரைத் தெரியவே தெரியாது என்று சொல்ல முடியாது. கூலியாகத் தெரியும். குடும்ப அட்டையில் தெரியும். பயிர் செய்து தோற்றவராக மட்டும் தெரியாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்தில் குடும்பத்துக்கு ரூ.6,000 ரேஷன் கடையில் கையில் கொடுத்தார்கள். நெல்லுக்கு எக்டேருக்கு ரூ.17,000 என்பது பட்டாவையும் அடங்கலையும் பார்த்துப் போனது. தாமிரபரணிக் கரையில் குத்தகைக்கு நட்ட பெண், வீட்டுக்குள் வந்த தண்ணீருக்குப் பணம் வாங்கியிருப்பார். வயலுக்குள் வந்த அதே தண்ணீருக்கு?

விவசாயி என்ற சொல்லுக்குத் தமிழில் ஆண்பால் விகுதி இல்லை. இருந்தும் அதைக் கேட்டவுடன் நம் மனதில் வேட்டி கட்டிய ஒருவர்தான் வருகிறார், நான் சொல்லும்போதுகூட. அகப்பொருள் இலக்கணம் மருத நில மக்களைப் பட்டியலிடுகையில் உழவர், உழத்தியர் என்று இருவரையும் சேர்த்தே வைக்கிறது. கடையர், கடைச்சியர் என்றும் வைக்கிறது. அதாவது உழத்தி என்ற சொல்லும் அவளுக்கான இடமும் இலக்கணத்தில் இருந்தன. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவின் சாகுபடி நிலப் பிடிப்புகளில் பெண்கள் பெயரில் இருந்தவை சுமார் 14 விழுக்காடு. நடவுக்கு இறங்கும் கால்களை எண்ணிப் பார்த்தவர் யாரும் இந்த எண்ணைப் பெண்களின் உழைப்பின் அளவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விவசாயத் தற்கொலைகளைத் தொடர்ந்து எழுதிவந்த பி. சாய்நாத், நிலம் பெயரில் இல்லாததால் செத்த பெண் விவசாயியாகக்கூட எண்ணப்படுவதில்லை என்பதைப் பல ஆண்டுகள் சுட்டிக்காட்டினார். அவள் வீட்டுப் பெண் கணக்கில் போகிறாள். 1955ஆம் ஆண்டுச் சட்டமும்கூட, தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தினரின் உடலுழைப்பையோ செலுத்துபவர்தான் சாகுபடிக் குத்தகைதாரர் என்கிறது. நல்ல வரையறை. ஆனால் அந்தக் 'குடும்பத்தினர்' யார் என்று நமக்குத் தெரியும். கணவர் உயிரோடிருந்து, குத்தகை பதிவாகியிருந்தால், அக்காவின் உழைப்பு அவருடைய பெயருக்குப் பின்னால் நின்றிருக்கும்.

ஆவணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதவைத் திறந்து போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். ஆண்டுக்கு ரூ.6,000 தரும் பிரதமர் கிசான் திட்டத்தில், 2020இல் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டு சுமார் ரூ.110 கோடி போனது அம்பலமாயிற்று. நேர்மையான ஓர் அலுவலர் தாள் கேட்பது ஏழைக்கு எதிராக அல்ல. நாளைக்குத் தணிக்கையில் தன் தலை தப்பவேண்டும் என்பதற்காகவும்தான். ஆனால் அதே திட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வருமான வரி கட்டுபவர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் கிடையாது என்று அது ஒதுக்கிவைக்கிறது. கடைநிலை ஊழியருக்கு மட்டும் விலக்கு. ஆக, 'நீ உண்மையில் இதை நம்பி வாழ்கிறாயா' என்ற கேள்வியைக் கேட்க அரசுக்குத் தெரியும். வறட்சி நிவாரணத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன் என்று எனக்கே ஓர் எண்ணம். குற்றத்தை நடைமுறையிடம் ஒப்படைக்கும் பழக்கம் விடுவதில்லை.

குத்தகை உரிமையைத் தொடாமல் சாகுபடியை மட்டும் சான்றளிக்கும் வழி இருக்கிறது. ஆந்திரத்தில் 2011இல், உழுபவருக்குக் கடனும் நிவாரணமும் கிடைக்க ஓர் அட்டை தரும் சட்டம் வந்தது. அதை வைத்து நிலத்தில் உரிமை கோர முடியாது. 2019இல் அதற்குப் பதிலாக வந்த சட்டம் 11 மாத ஒப்பந்த அட்டை என்றது, ஆனால் நில உடைமையாளரின் கையெழுத்து வேண்டும் என்றது. கையெழுத்து மறுபடியும் என்னைப் போன்றவர்களிடம் வந்து நின்றுவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் பெண் விவசாயிகள் உரிமைக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் பெயரில் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், பெண்ணுக்கு விவசாயி என்ற சான்றிதழை ஊராட்சி கொடுக்கலாம் என்றது அது. விவாதத்துக்கு வராமலே காலாவதியாயிற்று. யார் நட்டார் என்று ஊருக்குத் தெரியும். என் ஏக்கரில் யார் குனிந்தார் என்று கேட்டால், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவராவது என் பெயரைச் சொல்வாரா?

இங்கே பெண்ணியவாதிகளான எங்களுக்குள்ளேயே பேசவேண்டிய ஒன்று உண்டு. பெண்களுக்கு நிலம் வேண்டும், அவர்கள் பெயரிலேயே வேண்டும் என்பதைப் பினா அகர்வால் 1994இல் ஒரு பெரிய நூலாக எழுதினார். அதைப் படித்து வளர்ந்தவள் நான். இன்றும் அந்தக் கோரிக்கையில் நிற்கிறேன். ஆனால் நாங்கள் பட்டா கேட்டபோது எந்தப் பெண்ணை நினைத்துக் கேட்டோம்? பங்கு பிரிக்க நிலம் இருந்த வீட்டு மகளை. பிரிக்க எதுவும் இல்லாத வீட்டு மகளுக்கு 1989ஆம் ஆண்டுச் சட்டம் சமமாகப் பிரித்துக்கொடுத்தது ஒன்றுமில்லாததை. பெண்கள் பெயரில் உள்ள நிலப் பிடிப்பு எத்தனை என்று புள்ளிவிவரம் எண்ணும்போது அதில் என் பெயரும் விழுகிறது. என்னால் அந்த எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. கூடிய அந்த ஒன்றால் அக்கா மறைகிறார். இந்த மாநிலத்தில் நிலமும் சாதியும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

மதுரைக்காரி என்பதால் கண்ணகியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மேடைகளில் கேட்டுச் சலித்த உவமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் நீதி கேட்டதைப் பேசுகிறோம். அவள் கையில் மற்றொரு சிலம்பு இருந்ததைப் பேசுவதில்லை. உடைத்துக்காட்ட ஆவணம் இருந்தது. சிலம்பே இல்லாத ஒருத்தி, சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வாயிலுக்குப் போயிருந்தால் காவலன் உள்ளேயாவது விட்டிருப்பானா?

பணம் வந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். 5,500ஆக. அக்கா வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டார். பணத்தை வாங்கி எண்ணினார். மறுக்கவில்லை. ஏழைகள் பணத்தை மறுப்பதெல்லாம் நாங்கள் எழுதும் கதைகளில்தான் நடக்கும். முப்பத்தைந்து ரூபாய் கூட இருக்கிறதே என்றார். நான் இருக்கட்டும் என்றேன். பிறகு சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு சொன்னார்: "ஓம் புண்ணியத்துல தோட்ட மீட்டுருவேன் பாப்பா. நல்லாருப்ப."

அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்குச் சேரவேண்டிய பணம் என் கை வழியாகப் போனதால் தானமாகிவிட்டது. நான் நல்லவளாகிவிட்டேன். அரசு நேராகக் கொடுத்திருந்தால் அவர் யாரையும் வாழ்த்தியிருக்கவேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் இருந்த அதிகாரம், பட்டா என்ற தாளும் நிவாரணம் என்ற சட்டமும் சேர்ந்து, என்னிடம் புதிதாக வந்து சேர்ந்திருந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த ஆறுதலையும் அவரே தரவேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன், பாருங்கள். "ஒரு கடுதாசி குடுத்திருக்கணும்க்கா, தப்புதான்" என்றேன். "அதுக்கென்ன, அண்ணே வேணாம்னிருக்கும்" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வேண்டாமென்று இருந்ததும் தெரிந்திருக்கலாம். அதைச் சொல்லவில்லை.

கடிதம் எழுத எனக்கு இன்னும் சில வருடங்கள் ஆயின. அண்ணனிடம் கேட்கவில்லை, சொன்னேன். மூன்று மாதம் பேசவில்லை அவர். கிணறு பொதுவில் இருப்பதால் தண்ணீர் முறையில் சின்னச் சின்னச் சச்சரவு இப்போதும் வருகிறது. என் நிலத்தில் சாகுபடி செய்பவர் இன்னார் என்று எழுதிய தாளுடன் அக்காவும் நானும் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனோம். முன்பிருந்தவர் மாறுதலாகிப் போய், இப்போது இருந்தவர் இளைஞர், மரியாதையானவர். அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அக்கா உட்காராமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலுவலர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இப்படி யாரும் கொடுப்பதில்லையே மேடம் என்றார். பேனாவை எடுத்து, அக்காவின் பெயரைக் கேட்டு எழுதினார். அடுத்த சொல்லையும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டு நிமிர்ந்தார்.

"க.பெ... வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா."

"அவரு செத்து இருவது வருசமாச்சு சார்."

"பரவால்லம்மா, பேரு மட்டும் சொல்லுங்க."